அந்துப்பூச்சி ஆர்க்கிட்டை வீட்டுக்குள் வளர்ப்பது எப்படி?

நர்சரியிலோ பூங்கொத்துக் கடையிலோ ஆர்க்கிட் செடி வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் நம் கையில் வந்து சேர்வது ஃபலனாப்சிஸ் எனப்படும் அந்துப்பூச்சி ஆர்க்கிட்தான். தடித்த அகன்ற இலைகள் நான்கைந்து, இலையிடுக்கிலிருந்து வளைந்து நீளும் ஒரு தண்டு, அதில் இரண்டு மூன்று மாதங்கள் வாடாமல் நிற்கும் பூக்கள் என்று பார்த்தவுடன் மனத்தைக் கவரும் இந்தச் செடி, வாங்கிச் சென்ற வீடுகள் பலவற்றில் இரண்டாவது முறை பூக்காமலேயே இறந்துவிடுகிறது. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் எப்படி மண்ணும் நீரும் தருகிறோமோ அப்படியே இதற்கும் தந்துவிடுவதே அதற்குக் காரணம். இதன் வேர் எப்படிப்பட்டது என்று ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு இதை வளர்ப்பது கடினமே இல்லை. தொட்டி, கலவை, நீர், உரம் ஆகிய எல்லாவற்றையும் வேரிடமே கேட்டு முடிவு செய்யலாம் என்பதால் இந்தக் கட்டுரையும் வேரிலிருந்தே தொடங்குகிறது.

மரத்தில் வாழும் செடி

இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக நியூகினி, வட ஆஸ்திரேலியா வரை ஃபலனாப்சிஸ் பேரினத்தின் ஏறக்குறைய 70 இனங்கள் காடுகளில் வளர்கின்றன. 1825ஆம் ஆண்டு இந்தப் பேரினத்துக்குப் பெயர் சூட்டியவர் புளூமே என்ற தாவரவியலாளர். வெள்ளைப் பூக்கள் கொண்ட ஃபலனாப்சிஸ் அமாபிலிஸ் இந்தோனேசியாவின் மூன்று தேசிய மலர்களுள் ஒன்று. கடைகளில் கிடைக்கும் பெரிய பூக்களுடைய கலப்பினங்களின் முன்னோர்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு. ஃபலனாப்சிஸ் டெலிசியோசா என்ற சிறிய பூவுடைய இனம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. அதைக் காட்டில் பார்த்தால் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காட்டு ஆர்க்கிட்டைப் பெயர்த்து எடுப்பது அந்த இனத்துக்கு இழைக்கும் கேடு. வீட்டுச் சூழலில் அது பிழைப்பதும் அரிது.

இந்தச் செடிகளில் பெரும்பாலானவை மண்ணில் வேரூன்றுவதில்லை. மரக்கிளையிலும் பாறையிலும் பற்றிக்கொண்டு, மழை பெய்யும்போது நனைந்து, மழை நின்றதும் காற்றில் உலர்ந்து வாழ்கின்றன. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தங்குவதற்கு மட்டுமே மரம் அவற்றுக்குத் தேவைப்படுகிறது. வேரைச் சுற்றி வெலமென் எனப்படும் வெள்ளிநிற உறை ஒன்று இருக்கிறது. பல அடுக்கு இறந்த உயிரணுக்களால் ஆன அந்த உறை, பஞ்சைப் போல மழைநீரைச் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் உயிருள்ள வேருக்குக் கொடுக்கிறது. உறை நீரால் நிறைந்ததும் ஒளி ஊடுருவக்கூடியதாக மாறுவதால் உள்ளிருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. எனவே நனைந்த வேர் பச்சையாகவும் காய்ந்த வேர் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகவும் தோன்றும். நீர் ஊற்றும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யத் தேவையில்லாமல் செய்வது இந்த ஒரு நிறமாற்றம்தான். ஆனால் அதே உறை நாள்கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் போகிறது. மூச்சு முட்டிய வேர் அழுகுகிறது. வீடுகளில் இறக்கும் அந்துப்பூச்சி ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை தாகத்தால் இறப்பதில்லை, இவ்வாறு மூச்சு முட்டியே இறக்கின்றன.

வாங்கும்போது

பூவைப் பார்த்து மயங்குவதற்கு முன் தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளியே அழகான பீங்கான் தொட்டி இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கும். அதன் சுவரையொட்டித் தடித்த பச்சை வேர்களோ வெள்ளி வேர்களோ தெரிந்தால் நல்ல செடி. வேர்கள் பழுப்பாகக் குழைந்திருந்தாலும், செடியை இலேசாக அசைக்கும்போது அடியோடு ஆடினாலும் விட்டுவிடுவது நல்லது. இலைகள் விறைப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது நடுக்குருத்து கறுப்பேறாமல் இருக்க வேண்டும். எல்லாப் பூக்களும் விரிந்துவிட்ட செடியைவிட, தண்டின் நுனியில் சில மொட்டுகள் மீதமுள்ள செடியை வாங்கினால் கூடுதல் நாட்கள் பூவைப் பார்த்திருக்கலாம். பளீரென்ற நீல நிறப் பூக்களோடு விற்கப்படும் செடிகள் வெள்ளைப் பூச் செடியின் தண்டில் சாயம் ஏற்றப்பட்டவை. அடுத்த முறை அவை வெள்ளையாகத்தான் பூக்கும். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரங்கள் புதிய செடியை மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்து, இலையின் அடிப்புறத்திலும் இலையிடுக்கிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பூத்திருக்கும்போது தொட்டியை மாற்ற வேண்டாம். நாய், பூனை வளர்ப்பவர்கள் இந்தச் செடியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றுக்கு இது நச்சுச்செடி அன்று.

ஒளியும் இடமும்

கிழக்குப் பார்த்த சன்னல் கிடைத்தால் வேறு இடம் தேட வேண்டாம். காலை எட்டு மணிக்குள் விழும் இளவெயில் இந்தச் செடிக்கு ஒத்துப்போகும். அதற்குப் பிறகு நேரடி வெயில் இலையைச் சுட்டுவிடும். தெற்கு, மேற்குச் சன்னல்களில் வெள்ளை மெல்லிய திரையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் வைக்கலாம். நம் ஊர் வீடுகளில் வெயிலை மறைக்க சன்ஷேடும் கொசுவலையும் இருப்பதால் வடக்குச் சன்னலின் ஒளி பூப்பதற்குப் போதாமல் போவது உண்டு. போதுமான ஒளி என்பது ஏறக்குறைய 10,000 முதல் 15,000 லக்ஸ். அளக்கும் கருவி இல்லாதவர்கள் நண்பகலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பார்க்கலாம்: ஓரங்கள் மங்கிய நிழல் விழுந்தால் ஒளி சரி, நிழலே தெரியாவிட்டால் ஒளி குறைவு, கூர்மையான கருநிழல் விழுந்தால் ஒளி அதிகம். 

இடம் சரியா என்பதைச் சில மாதங்களில் இலையே சொல்லிவிடும். நடுத்தரப் பச்சை நிறம் சரியான ஒளியின் அடையாளம். கரும்பச்சையாகவும் நீளமாகவும் தொய்ந்தும் வளரும் இலை ஒளிக்காக ஏங்குகிறது என்று பொருள். அத்தகைய செடி பார்ப்பதற்குச் செழிப்பாகத் தோன்றுவதால் பலர் அதை நல்ல நிலையில் இருப்பதாக எண்ணி, ஏன் பூக்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மஞ்சள் கலந்த பச்சையோ ஓரத்தில் செந்நிறமோ தெரிந்தால் சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும். சன்னல் வசதியே இல்லாத வீடுகளில் வெள்ளை எல்இடி விளக்கை இலைக்கு ஓரடி உயரத்தில் நாள்தோறும் 12 மணி நேரம் எரியவிட்டும் வளர்க்கலாம். இரவில் விளக்கை அணைப்பது முக்கியம், ஏனெனில் இந்தச் செடி தன் இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது.

காற்று தேங்கிய மூலை எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் உகந்த இடம் அன்று. மெதுவாகச் சுழலும் மின்விசிறியின் காற்று இலைகள்மேல் படும்படி இருந்தால், நீர் ஊற்றிய சில மணி நேரத்தில் இலையிடுக்குகள் உலர்ந்துவிடும். அழுகல் நோய்களில் பாதி அதிலேயே தடுக்கப்பட்டுவிடும். ஏசியின் குளிர்காற்று நேராக அடிக்கும் இடமும் அடுப்பு அனல் படும் சமையலறை மேடையும் கூடாது. காற்றில் ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு வரை இருந்தால் போதும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அது தானாகவே கிடைக்கிறது. உள்நாட்டு ஊர்களின் கோடைக்கு நான்கைந்து செடிகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பது உதவும். கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் நிரப்பி வைக்கும் வழக்கத்தால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. இலைமேல் நீர் தெளிப்பதால் நன்மையைவிடக் குருத்தழுகல் ஆபத்தே அதிகம்.

நீர் ஊற்றுதல்

வாரத்துக்கு ஒருமுறை என்று கடைக்காரர் சொல்லும் கணக்கை அப்படியே பின்பற்றக் கூடாது. மே மாதத்து மதுரையில் மரப்பட்டைக் கலவையில் இருக்கும் செடிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் தேவைப்படலாம். அதே செடி நவம்பர் மழைக்காலத்துச் சென்னையில் பத்து நாள் நீரின்றி இருக்கும். தொட்டியின் சுவரையொட்டிய வேர்கள் வெள்ளியாக மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டியைத் தூக்கினால் எடை குறைந்து தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் ஐயம் இருந்தால் ஒரு மூங்கில் குச்சியைக் கலவையின் நடுவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பார்க்கலாம். குச்சி ஈரமாக வந்தால் அன்று நீர் வேண்டாம். மேலே கலவை காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஊற்றுவது ஏமாற்றிவிடும், ஏனெனில் தொட்டியின் நடுப்பகுதி கடைசியாகத்தான் உலர்கிறது.

ஊற்றும் நாளில் தாராளமாக ஊற்ற வேண்டும். காலை வேளையில் செடியைச் சமையலறைத் தொட்டிக்கோ குளியலறைக்கோ எடுத்துச் சென்று, அடித்துளைகள் வழியாக நீர் ஓடி வெளியேறும் வரை கலவை முழுவதும் நனையும்படி ஊற்றி, வேர்கள் அனைத்தும் பச்சையானதும் நிறுத்தி, நீர் முழுதும் வடிந்த பிறகே மீண்டும் அலங்காரத் தொட்டிக்குள் வைக்க வேண்டும். மிகவும் காய்ந்துபோன கலவை நீரை உறிஞ்சாமல் வழியவிடும். அப்போது ஒரு வாளி நீரில் தொட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி எடுக்கலாம். ஒரே வாளி நீரில் பல செடிகளை அமிழ்த்தினால் ஒன்றின் நோய் மற்றதற்குப் பரவும் என்பதால் செடிக்குச் செடி நீரை மாற்ற வேண்டும். அலங்காரத் தொட்டியின் அடியில் ஓர் அங்குல நீர் தேங்கியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அடிவேர்கள் அழுகத் தொடங்குவது அங்கேதான்.

காட்டில் இந்தச் செடி மரத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து தொங்குவதால் மழைநீர் குருத்தில் தங்காமல் வழிந்துவிடும். தொட்டியில் நாம் அதை நிமிர்த்தி நட்டு வைப்பதால் இலைகள் கூடும் இடத்தில் நீர் குளமாகத் தேங்குகிறது. அதை அப்படியே விட்டால் ஒரே இரவில்கூட அழுகல் தொடங்கக்கூடும் என்பதால், மெல்லிய காகிதத்தை முறுக்கிக் குருத்தில் வைத்து நீரை ஒற்றி எடுக்க வேண்டும். மாலையிலும் இரவிலும் நீர் ஊற்றுவதைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

நீரின் தன்மையும் பொருட்படுத்த வேண்டியது. மழைநீர் மிகச் சிறந்தது. மொட்டைமாடியில் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளலாம். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வேர்நுனியைக் கருக்குவதோடு கலவைமேல் வெண்படலமாகவும் படியும். குடிநீருக்காக ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்கள் அதன் தூய நீரைப் பயன்படுத்தலாம். கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு முழுதும் செறிந்திருப்பதால் அதை வேறு செடிகளுக்கு ஊற்றும் பழக்கமுள்ளவர்கள் ஆர்க்கிட் பக்கம் கொண்டுவரவே கூடாது. கோடை நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். அதைப் பிடித்து ஆறவைத்த பிறகே ஊற்ற வேண்டும். பனிக்கட்டிகளை வைத்து நீர் தரும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. வெப்பமண்டலக் காட்டுச் செடியின் வேர்மேல் பனிக்கட்டியை வைக்க வேண்டிய தேவை எதுவும் நமக்கு இல்லை.

கலவையும் தொட்டி மாற்றுதலும்

செம்மண், தோட்டமண், தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றும் இந்தச் செடிக்கு ஆகாதவை. நீரையும் காற்றையும் ஒருங்கே தரும் பெரிய துண்டுகளாலான கலவையே வேண்டும். பைன் மரப்பட்டைத் துண்டுகள் நல்லவை. இப்போது இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. நம் ஊரில் எளிதில் கிடைப்பவை தேங்காய் மட்டைத் துண்டுகளும் மரக்கரித் துண்டுகளும். மட்டையைக் கட்டைவிரல் நுனி அளவுக்கு வெட்டி, அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் இறங்கும்படி மூன்று நான்கு நாட்கள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். மட்டைத் துண்டுகள் மட்டும் இருந்தால் ஈரம் அதிகமாகத் தங்கும் என்பதால் அதில் பாதியளவுக்குக் கரியோ உடைத்த ஓட்டுத் துண்டுகளோ கலப்பது கடலோர ஊர்களுக்குப் பொருந்தும். ஸ்பாக்னம் பாசி நீரை நெடுநாள் பிடித்துவைக்கும். நாள் முழுதும் ஏசி ஓடும் வறண்ட அறைக்கு அது உதவும், சன்னல் திறந்து கிடக்கும் வீட்டுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கடையில் வாங்கிய செடிகள் பலவற்றில் வேர்த்தொகுப்பின் நடுவே இறுக்கமான பாசி உருண்டை ஒன்று இருக்கும். பெரிய நர்சரிகளில் நாற்றாக வளர்த்தபோது வைத்தது அது. வெளியே பட்டைத் துண்டுகள் காய்ந்திருக்க உள்ளே அந்த உருண்டை மட்டும் ஈரமாகவே கிடப்பதால் நடுவேர்கள் முதலில் அழுகும். ஆகவே முதல் பூப்பு முடிந்ததும் ஒருமுறை தொட்டி மாற்றி அதை எடுத்துவிடுவது நல்லது. அதன் பிறகு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கலவை மக்கிப் பொடியாகத் தொடங்கும்போது மாற்றினால் போதும். சமவெளியில் மே மாதக் கடும் வெயில் தணிந்து சூன், சூலையில் புதுவேர்கள் பச்சை நுனியோடு கிளம்பும் வேளை இதற்கு மிகப் பொருத்தமானது. அழுகல் தெரிந்துவிட்டால் பருவம் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு முன் வேர்களை நன்கு நனைத்தால் அவை வளைந்து கொடுக்கும். தொட்டியின் பக்கங்களை அமுக்கிச் செடியை வெளியே எடுத்து, பழைய கலவையையும் பாசியையும் விரலால் உதிர்த்து, ஓடும் நீரில் கழுவுங்கள். பிறகு ஒவ்வொரு வேரையும் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். உறுதியாக இருக்கும் வேர் என்ன நிறமாக இருந்தாலும் உயிருள்ளதுதான். ஒளிபடாத வேர்கள் மஞ்சளாகவோ பழுப்பேறியோ இருப்பது இயல்பு. அழுத்தினால் குழைந்து, உறை கழன்று, நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் நிற்கும் வேரை வெட்டிவிட வேண்டும். கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி தீயில் காட்டிப் பயன்படுத்தினால் நச்சுயிரி நோய்கள் பரவும் ஆபத்து குறையும். வெட்டிய முனைகளில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம்; நல்ல வேரில் பட்டால் அதையும் அது உலர்த்திவிடும்.

புதுத் தொட்டி எஞ்சிய வேர்த்தொகுப்பு அடங்கும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். செடி பெரிதாக வளரட்டும் என்று பெரிய தொட்டியில் நட்டால் வேர் இல்லாத இடத்தில் கலவை உலராமல் கிடக்கும். பக்கச்சுவரிலும் துளைகள் உள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியே என் தேர்வு. மண்தொட்டி விரைவில் உலரும் என்பதால் ஈரக்காற்று மிகுந்த ஊர்களுக்கு அதுவும் நன்று. கீழ் இலையின் அடிப்பகுதி கலவையின் மேல்மட்டத்தோடு ஒட்டியிருக்குமாறு செடியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, துண்டுகளை வேர்களுக்கு இடையே போட்டுத் தொட்டியைத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். செடி ஆடினால் புதுவேர் நுனிகள் உராய்ந்து முறியும் என்பதால் ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். தொட்டிக்கு வெளியே நீண்டு வளைந்திருக்கும் காற்று வேர்களை உள்ளே திணிக்கவோ வெட்டவோ வேண்டாம். நிறைய வேர்களை வெட்டியிருந்தால் காயம் ஆறும்படி மூன்று நான்கு நாட்கள் கழித்து நீர் ஊற்ற வேண்டும்.

உரம்

வேளாண் பொருள் கடைகளில் கிடைக்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரமே போதும். லிட்டருக்கு அரை கிராம் என்ற மெல்லிய அளவில் கரைத்து, புது இலையோ வேரோ வளரும் காலத்தில் இரண்டு முறைக்கு ஒருமுறை நீரோடு தரலாம். வேர் காய்ந்திருக்கும்போது உரநீரை நேராக ஊற்றாமல் முதலில் வெறும் நீரால் நனைப்பது வேருக்குப் பாதுகாப்பு. மாதம் ஒருமுறை வெறும் நீரைத் தாராளமாக ஓடவிட்டுத் தங்கிய உப்பைக் கழுவ வேண்டும். மழைநீரும் ஆர்.ஓ. நீரும் மட்டுமே தருபவர்கள் கால்சியமும் மக்னீசியமும் கலந்த உரத்தை இடையிடையே சேர்க்க வேண்டும். அரிசி கழுவிய நீர், பால், சாணக் கரைசல் போன்றவை கலவையை விரைவில் மக்கச்செய்து சிறு ஈக்களை வரவழைக்கும். அவை மண்ணில் வளரும் செடிகளுக்கே உரியவை.

பூக்க வைப்பது

இலையும் வேரும் நன்றாக இருந்தும் பூக்கவில்லை என்றால் முதலில் ஒளியையும் அடுத்ததாக வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். அந்துப்பூச்சி ஆர்க்கிட் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் குளிர்ந்த சூழல் தேவை. பகலில் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவில் 18 முதல் 20 டிகிரி வரையும் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் தண்டு தலைகாட்டும். 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் செடி இலை மட்டுமே விடும். வணிக முறையில் வளர்ப்பவர்கள் இதை வைத்தே பசுங்குடிலைச் சூடாக வைத்துப் பூப்பைத் தள்ளிப்போடவும், குளிர வைத்து வேண்டிய மாதத்தில் பூக்க வைக்கவும் செய்கிறார்கள்.

பெங்களூரு, ஏற்காடு போன்ற இடங்களில் இந்தக் குளிர்ச்சி இயல்பாகவே கிடைப்பதால் அங்குள்ளவர்கள் இதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் சிக்கல் நேர்மாறானது: குளிர்கால இரவுகளில் 15 டிகிரிக்கும் கீழே போகும்போது செடியைச் சன்னல் கண்ணாடியிலிருந்து தள்ளி வீட்டின் கதகதப்பான பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். சென்னை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் திசம்பர், சனவரி மாதங்கள் மட்டுமே நமக்கு வாய்ப்பானவை. அப்போதும் சென்னையில் பகல் வெப்பம் 29 டிகிரியை ஒட்டியே இருப்பதால், வீட்டில் மிகக் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமான சன்னலைத் தேர்ந்தெடுத்து அந்த இரண்டு மாதங்களும் செடியை அங்கேயே வைக்க வேண்டும். அதுவும் பலிக்காதவர்கள், பகலில் ஏசியை 24 டிகிரியில் வைத்து வேலை செய்யும் அறை இருந்தால் அதன் சன்னலோரத்தில் ஆறு வாரங்கள் வைத்துப் பார்க்கலாம். பகல் வெப்பம் குறைவது மிக முக்கியம் என்பதால் இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை இதற்கு முழுமையாக உதவாது.

இலையிடுக்கிலிருந்து புதிதாக வருவது வேரா தண்டா என்று முதலில் குழப்பம் வரும். வேரின் நுனி உருண்டு மழுங்கியிருக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, ஒருபுறம் சாய்ந்த சிறு செதிலோடு மேல்நோக்கி வளரும். தண்டு என்று தெரிந்த நாள் முதல் தொட்டியைத் திருப்பாமல் வைக்க வேண்டும், ஏனெனில் தண்டு ஒளியை நோக்கி வளைவதால் நாம் திருப்பும்தோறும் அது முறுக்கிக்கொள்ளும். ஒரு சாண் உயரம் வந்ததும் மூங்கில் குச்சி நட்டு இளகிய முடிச்சாகக் கட்டலாம். இளந்தண்டு எளிதில் முறியும் என்பதால் வலிந்து வளைக்கக் கூடாது. தலைகாட்டியதிலிருந்து பூ விரிய மூன்று மாதங்கள் ஆகும்.

அந்த மூன்று மாதங்களில் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தால் மனம் வருந்தும். இடத்தை மாற்றியது, வேரை முற்றிலும் காயவிட்டது, வெப்பக்காற்றோ குளிர்காற்றோ நேராக அடித்தது ஆகியவை வழக்கமான காரணங்கள். பலரும் எண்ணிப் பார்க்காத இன்னொரு காரணம் பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு. மாம்பழமும் வாழைப்பழமும் வைத்த தட்டுக்கு அருகில் மொட்டுவிட்ட செடியை வைக்கக் கூடாது. எரியும் பொருள்களின் புகையிலும் அந்த வாயு இருப்பதால் சாம்பிராணி போடும் பூசையறையும் ஏற்ற இடம் அன்று.

கடைசிப் பூ உதிர்ந்த பிறகு தண்டை என்ன செய்வது என்பது செடியின் வலுவைப் பொறுத்தது. நான்கு ஐந்து உறுதியான இலைகளும் நல்ல வேர்களும் இருந்தால், அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து கிளைத்தண்டு ஒன்று மீண்டும் பூக்கக்கூடும். செடி இளைத்திருந்தால் அடியோடு வெட்டி ஓய்வு கொடுப்பதே சரி. வெப்பம் மிகுந்த காலத்தில் தண்டின் கணுவிலிருந்து பூவுக்குப் பதிலாகச் சிறு கன்று ஒன்று இலைவிட்டு வருவதும் உண்டு. அதற்கு இரண்டு மூன்று அங்குல நீளத்தில் இரண்டு வேர்களாவது வந்த பிறகு, தண்டின் துண்டோடு சேர்த்து வெட்டிச் சிறு தொட்டியில் தனியே நடலாம்.

நோயும் பூச்சியும்

மாவுப்பூச்சிதான் வீட்டுக்குள் மிகுந்த தொல்லை தருவது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, காணும் ஒவ்வொரு பூச்சியையும் துடைத்தெடுத்து, வாரம் ஒருமுறை என நான்கு வாரங்கள் தொடர்ந்தால் முட்டையிலிருந்து வருபவையும் ஒழியும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிப்பதும் உதவும். தெளித்த பிறகு குருத்திலிருந்து நீரை ஒற்றி எடுக்க மறக்கக் கூடாது. வறண்ட கோடையில் இலையின் அடிப்புறம் வெள்ளிப் புள்ளிகளாக மங்கினால் அது சிலந்திப்பேன். ஈரத்துணியால் இலையின் இருபுறமும் அடிக்கடி துடைக்க வேண்டும்.

கீழ் இலை ஆண்டுக்கு ஒன்று மஞ்சளாகி உதிர்வது முதுமையால்தான். அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். எல்லா இலைகளும் துவண்டு சுருங்கியிருந்தால் உடனே நீர் ஊற்றிவிடக் கூடாது. வேர் காய்ந்து கிடந்தாலும் இலை சுருங்கும், வேர் அழுகி நீரை உறிஞ்ச முடியாமல் போனாலும் இலை அதே போலத்தான் சுருங்கும். முதலாவதற்கு நீர் மருந்து, இரண்டாவதற்கு நீரே நோய் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். வேர்களெல்லாம் போய்விட்ட செடியையும் கைவிட வேண்டியதில்லை: அழுகியதை வெட்டி, ஈரம் பிழிந்த பாசியின்மேல் அடித்தண்டு பட்டும் படாமலும் இருக்குமாறு வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பையைத் திறந்து காற்றோட்டம் தந்தால் சில மாதங்களில் புதுவேர் வரும் வாய்ப்பு உண்டு.

இலையில் நீர் கோத்த புள்ளி தோன்றி ஓரிரு நாளில் பரவினால் அது பாக்டீரியா அழுகல். புள்ளிக்கு அப்பால் நல்ல பகுதியிலும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி, செடியை மற்றவற்றிலிருந்து பிரித்து, நீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். குருத்தே கறுத்து, நடு இலை இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அந்தச் செடி இனி மேல்நோக்கி வளராது. அழுகிய திசுவைச் சுரண்டி, இலவங்கப்பட்டைத் தூள் தூவி, குருத்தில் ஒரு சொட்டு நீரும் படாமல் எஞ்சிய இலைகளையும் வேர்களையும் காப்பாற்றி வந்தால், அடித்தண்டிலிருந்து பக்கக் கன்று ஒன்று கிளம்பக்கூடும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அந்தக் கன்று தன் சொந்த வேர்களை விட்ட பின்னும் பழைய இலைகள் பசுமையாக இருக்கும் வரை அவற்றை வெட்ட வேண்டாம். அதற்கான உணவு அவற்றிலிருந்தே செல்கிறது.